கம்பி பளபளக்கிறது, மாற்ற வேண்டுமா?

பாய்மரப் படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் கம்பிகளைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பத்து ஆண்டு தாண்டிய கம்பியை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். மலையில் உட்கார்ந்துகொண்டு கடல் படகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் தூத்துக்குடியில் தோணிக்காரர் வீட்டில் பிறந்தவன். சென்னைத் துறைமுகத்தில் கம்பியும் கயிறும் கட்டும் ரிக்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது மகள் குடும்பத்தோடு பெருமாள்மலையில் இருக்கிறேன். படகு கடலோரத்திலும் தாங்கள் மலையிலுமாக இருக்கும் சிலரை இங்கே வந்த பிறகுதான் சந்தித்தேன். படகைத் தினமும் பார்க்க முடியாதவர்களுக்கு இந்த விஷயம் மற்றவர்களைவிட முக்கியம். அதனால் இந்த இதழ் முழுவதும் கம்பிதான்.

என்னுடைய 28 அடிப் படகு புதுச்சேரியில் நிற்கிறது. 2013இல் எல்லாக் கம்பிகளையும் மாற்றினேன். இன்றும் பளபளவென்று இருக்கின்றன, துருவே இல்லை. வருடத்துக்கு இரண்டு முறைதான் மலையிலிருந்து இறங்கிப் போகிறேன். அவ்வளவு குறைவாக ஓடிய படகுக்கும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?
*வாசகர், நாயுடுபுரம்*

மாற்றுங்கள் ஐயா. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது.

பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முன்பெல்லாம் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி கட்டினோம். அது கெடும்போது முதலில் பூச்சு போகும், அப்புறம் துரு பூக்கும், தொட்டால் கை சிவக்கும். மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அதுவே காட்டிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படிக் காட்டாது. அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்திருக்கிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் படலம் உடைகிறது. திரும்ப உருவாக அங்கே ஆக்சிஜன் இல்லை. அரிப்பு உள்பக்கமாகவே இறங்குகிறது, வெளியே பளபளப்பு அப்படியே இருக்கிறது.

அந்த இடுக்கு படகில் எங்கே இருக்கிறது? கம்பி முடிகிற இடத்தில். கம்பியின் நுனியை ஒரு குழலுக்குள் விட்டு, எந்திரத்தால் அமுக்கி ஒன்றாக்குகிறார்கள். ஸ்வேஜ் முனை என்போம். மேலே தெறிக்கும் கடல் நீர், இழைகளுக்கு நடுவே வழிந்து இறங்கிக் கீழ்க்குழலின் வாயில் போய் நிற்கும். வெயிலில் தண்ணீர் போகும், உப்பு தங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் உப்பு. அதனால்தான் மேல்முனையைவிடக் கீழ்முனை சீக்கிரம் கெடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 என்ற ரகத்தில் 16 முதல் 18 சதவீதம் குரோமியமும், அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. உப்பைத் தாங்கத்தான் மாலிப்டினம். 304 ரகத்தைவிட அது நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அரிப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

இரண்டாவது காரணம் களைப்பு. காற்று அடிக்கும் பக்கத்துக் கம்பி இறுகும், மறுபக்கத்துக் கம்பி தளரும். ஒவ்வொரு அலைக்கும் இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வரும். உலோகம் இதை லட்சக்கணக்கான முறை தாங்கும், பிறகு ஒருநாள் ஒரு இழை அறும். அதற்கு முந்தின நாள் பார்த்திருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

குறைவாக ஓடியது என்கிறீர்கள். பாய் விரிக்காவிட்டாலும் படகு தண்ணீரில்தான் நிற்கிறது. உருளுகிறது, பாய்மரம் ஆடுகிறது, கம்பி இழுபடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரை கடந்தது. அன்றிரவு உங்கள் படகின் கம்பிகள் பட்ட பாட்டை எந்தப் பயணக் குறிப்பேட்டிலும் எழுதியிருக்க மாட்டீர்கள்.

பத்து ஆண்டு என்பது நான் கண்டுபிடித்த எண் இல்லை. 10 முதல் 15 ஆண்டு என்பது ரிக்கர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பத்து தாண்டினால் கேள்வி கேட்கும் காப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. இந்தக் கணக்கின் மேல் எல்லை குளிர்நாட்டுப் படகுகளுக்குப் பொருந்தும். அங்கே பலர் குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி, பாய்மரத்தையும் இறக்கிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். நம் படகுகள் பன்னிரண்டு மாதமும் தண்ணீரில் நிற்கின்றன. வெதுவெதுப்பான கடலில் அரிப்பும் வேகமாக நடக்கும். வங்காள விரிகுடாவில் 15 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

மாற்றும்போது கம்பியோடு அதன் முனைகளையும், முனையைக் கோர்க்கும் கிளெவிஸ் பின்களையும், அவை கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்களையும் சேர்த்து மாற்றுங்கள். கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் டர்ன்பக்கிளின் மரையில் தேய்மானம் இருந்தால் அதையும். கழற்றிய கம்பிகளில் மிக நீளமானதும் நன்றாக இருப்பதுமான ஒன்றைச் சுருட்டிப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும்.

என் கணவர் ஒவ்வொரு முறையும் பாய்மரத்தின் உச்சி வரை ஏறிப் பார்க்கிறார். வயது 58. எனக்குப் பயமாக இருக்கிறது. கீழே நின்றே பார்க்க முடியாதா?
*வாசகி, வட்டக்கானல்*

பாதிக்கு மேல் கீழேயே பார்த்துவிடலாம் அம்மா. கெடுவதும் கீழ்முனையில்தானே அதிகம். ஒவ்வொரு முறையும் ஏற வேண்டியதில்லை, வருடத்துக்கு ஒருமுறை போதும். ஏறும்போது இடுப்புப் பட்டை போட்டு, தனித்தனியான இரண்டு கயிறுகளில் தொங்க வேண்டும். ஒரு கயிறு கைவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும். கீழே கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறவே விடாதீர்கள். இதில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம்.

கீழே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், நீங்களே பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும், நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். நல்ல டார்ச், பழைய பருத்தித் துணி, கொஞ்சம் நல்ல தண்ணீர். முதலில் குழலையும் அதற்கு மேல் ஒரு சாண் கம்பியையும் கழுவித் துடையுங்கள். உப்புப் படிந்திருந்தால் வெடிப்பு தெரியாது. பிறகு குழலைச் சுற்றிச் சுற்றி லென்ஸில் பாருங்கள். மயிரிழை போல நீளவாக்கில் ஒரு கோடு தெரிந்தால் அது கீறல் இல்லை, வெடிப்பு. அந்தக் கம்பிக்கு அன்றோடு வேலை முடிந்தது. குழல் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்திருந்தால் கம்பியின் இழுப்பு நேராக வரவில்லை என்று பொருள். குழலின் வாயில் பழுப்புக் கறை கசிந்திருந்தால் ஒருமுறை துடைத்துவிட்டு அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். அதே இடத்தில் திரும்ப வந்தால் உள்ளே அரிப்பு ஓடுகிறது.

கம்பியை வெறுங்கையால் தடவ வேண்டாம். அறுந்த இழை ஊசி போல நிற்கும், கையைக் கிழித்துவிடும். துணியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். எங்காவது நூல் மாட்டினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. இந்தக் கம்பியில் மொத்தம் 19 இழைகள். ஒன்றுதானே போனது, பதினெட்டு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பத்தொன்பதும் ஒரே நாளில் கட்டியவை, ஒரே இழுப்பைத் தாங்கியவை, ஒரே உப்பில் நின்றவை. ஒன்று அறுந்தது மற்றவற்றின் நிலையைச் சொல்கிறது. அந்தக் கம்பியை மட்டும் மாற்றினால் போதாது, எதிர்ப்பக்கத்துக் கம்பியையும் மாற்ற வேண்டும். வயதான கம்பிகளாக இருந்தால் மொத்தத்தையும்.

லென்ஸில் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் சிவப்புச் சாயப் பரிசோதனை இருக்கிறது. வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் மூன்று டப்பாவாகக் கிடைக்கும். ஒன்றால் சுத்தம் செய்து, இன்னொன்றால் சாயம் தெளித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து, துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளிக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக எழும்.

காலக்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் பின்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு சுற்று. செப்டம்பரில் மழைக்கு முன்னும், ஜனவரியில் மழைக்குப் பின்னும் லென்ஸோடு ஒரு முறை. வருடத்தில் ஒருநாள் உச்சிக்கு. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பாய்மரத்தையே இறக்கிப் படுக்க வைத்து ஒவ்வொரு பின்னையும் கழற்றிப் பார்க்க வேண்டும். இவை தவிர, புயல் வந்து போனால் உடனே ஒரு முறை.

எல்லாக் கம்பியும் புதிது என்றால் பாய்மரம் விழ வாய்ப்பே இல்லைதானே?
*வாசகர், பண்ணைக்காடு*

இருக்கிறது. சென்னையில் நான் கண்ணால் பார்த்த படகு ஒன்று. கம்பி, முனை, டர்ன்பக்கிள் எல்லாம் புதிது, கட்டி ஒரு பருவம்கூட முழுதாக ஓடவில்லை. சுமாரான காற்றில், துறைமுக வாயைத் தாண்டியதுமே பாய்மரம் சாய்ந்தது. கம்பிகள் எல்லாம் முழுசாக இருந்தன. போனது செயின்பிளேட்.

கம்பியின் கீழ்முனை டர்ன்பக்கிளில் சேர்கிறது. டர்ன்பக்கிள் ஒரு தட்டையான உலோகப் பட்டையில் சேர்கிறது. அந்தப் பட்டை மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கி, படகின் உடம்போடு போல்ட் போட்டு நிற்கிறது. இதுதான் செயின்பிளேட். மேலே தெரிகிற பகுதி பளிச்சென்று இருக்கும், கீழே கேபினுக்குள் தெரிகிற பகுதியும் பளிச்சென்று இருக்கும். நடுவில், தளத்தின் கனத்துக்குள் புதைந்திருக்கும் இரண்டு மூன்று விரற்கடைப் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. மேலே பூசிய பசை காய்ந்து விரிந்ததும் தண்ணீர் அந்த இடத்தில் இறங்கித் தேங்குகிறது. காற்று இல்லை, உப்பு இருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன கதைதான் இங்கேயும். அந்தப் படகில் பட்டையின் அகலத்தில் முக்கால்வாசி ஏற்கெனவே கறுத்து வெடித்திருந்தது. உடைந்த முகத்தில் கால்வாசி மட்டும் புது உலோகத்தின் வெளிச்சத்தோடு இருந்தது. படகு அன்றுவரை நின்றது அந்தக் கால்வாசியில்தான். படகுக்காரர் கம்பிக்குக் கணக்கில்லாமல் செலவு செய்தவர், பாவம். செயின்பிளேட்டைக் கழற்ற உள்ளே மரப்பலகையைப் பிரிக்க வேண்டியிருந்ததால் அந்த வேலையை மட்டும் தள்ளிவைத்திருந்தார்.

கம்பி மாற்றும் வேளையில் செயின்பிளேட்டை வெளியே எடுத்துப் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். கேபினுக்குள் செயின்பிளேட் பக்கத்தில் பழுப்பாகத் தண்ணீர்க் கறை வழிந்திருந்தால் பத்து வருடம் ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.

பழனி ரோப் காரை மாதம் ஒருநாளும், வருடத்துக்கு ஒருமுறை பல நாட்களும் நிறுத்திப் பராமரிக்கிறார்கள். கம்பிக்கு எண்ணெய், கிரீஸ் எல்லாம் போடுவார்களாம். படகுக் கம்பிக்கும் போட்டால் ஆயுள் கூடாதா?
*வாசகர், பெருமாள்மலை*

நல்ல கேள்வி. இரண்டும் கம்பிதான், வேலை வேறு. ரோப் காரின் கம்பி ஓடும் கம்பி. சக்கரங்களின் மேல் வளைந்து நிமிர்ந்து போய்க்கொண்டே இருக்கும். அதற்காக மெல்லிய இழைகளைப் புரியாக்கி, புரிகளைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். இழையோடு இழை உரசுவதால் உள்ளே எண்ணெய் வேண்டும். பாய்மரத்தின் கம்பி வளையவே கூடாத, நின்ற இடத்தில் நிற்கிற கம்பி. கனமான 19 இழைகளை ஒரே முறுக்காக முறுக்கியது, கிட்டத்தட்ட ஒரு தடி போல. அதன் மேல் கிரீஸ் பூசினால் உப்பும் தூசியும் ஒட்டிக்கொண்டு உள்ளேயே அடைந்து கிடக்கும், பாயும் கறையாகும். இந்தக் கம்பிக்கு வேண்டியது நல்ல தண்ணீர். ஒவ்வொரு முறை திரும்பியதும் கீழ்முனைகளில் குழாயால் நன்றாக அடித்துக் கழுவுங்கள். டர்ன்பக்கிளின் மரைக்கு மட்டும் லேனோலின் கிரீஸ் போடலாம், போட வேண்டும். ஸ்டெயின்லெஸ் மரை காய்ந்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு திரும்பவே திரும்பாது.

இதே காரணத்துக்காக டர்ன்பக்கிளின் மேல் டேப்பை இறுக்கிச் சுற்றாதீர்கள். பாய் கிழியாமல் இருக்கக் காட்டர் பின்னின் நுனியை மட்டும் மூடினால் போதும். முழுதும் சுற்றினால் நீங்களே காற்றுப் புகாத இடுக்கை உண்டாக்கிக் கொடுக்கிறீர்கள்.

ரோப் கார் விஷயத்தில் நான் மதிப்பது வேறொன்றை. கம்பி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேதி வந்தது என்பதற்காக நிறுத்துகிறார்கள். மலையேற வந்த கூட்டம் வரிசையில் நின்றாலும் நிறுத்துகிறார்கள். படகுக்காரர்களும் அப்படித் தேதி பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

நேத்ரா குமணன் ஓட்டும் படகின் படத்தைப் பார்த்தேன். அதில் கம்பியே இல்லையே, பாய்மரம் எப்படி நிற்கிறது?
*பதினோராம் வகுப்பு மாணவர், கொடைக்கானல்*

கூர்ந்து பார்த்திருக்கிறாய் தம்பி. ஒலிம்பிக் பாய்மரப் படகு வீராங்கனையான நேத்ரா ஓட்டுவது இல்கா 6 என்ற வகை, முன்பு லேசர் ரேடியல் என்பார்கள். ஒரே ஆள் ஓட்டும் சின்னப் படகு. பாயின் பரப்பு 5.76 சதுர மீட்டர். பாய்மரத்தைப் படகின் உடம்பிலுள்ள ஆழமான குழியில் செருகிவிட்டால் போதும், காற்றுக்கு வளைந்து கொடுத்து நிற்கும். பாய் பெரிதாகி, பாய்மரமும் உயர்ந்துவிட்டால் அப்படி நிற்காது, அதைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னை வீரர்கள் இருவர் ஓட்டிய 49இஆர் படகில் கம்பி உண்டு. நீ படகு ஓட்டக் கற்க நினைத்தால் கம்பி இல்லாத படகிலேயே தொடங்கு. சென்னையில் கற்றுத் தருகிறார்கள்.

2018இல் அபிலாஷ் டோமியின் பாய்மரம் உடைந்ததும் கம்பி பழசாக இருந்ததால்தானா?
*வாசகர், பூம்பாறை*

இல்லை. அவருடைய ‘துரியா’ தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்துக்காகவே கோவாவில் கட்டிய புதுப் படகு. 2018 செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கடும் புயலில் படகே புரட்டிப் போடப்பட்டது. பாய்மரம் தண்ணீருக்குள் போய்த் திரும்பி வரும்போது எந்தப் புதுக் கம்பிக்கும் உத்தரவாதம் கிடையாது. அதே புயலில் அதே பந்தயத்தின் இன்னொரு படகும் பாய்மரத்தை இழந்தது. முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்தவரை மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. 2022இல் அதே பந்தயத்தில் மறுபடி கிளம்பி, 2023இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

புயல் கொண்டுபோவது வேறு, சாதாரணக் காற்றில் விழுவது வேறு. முன்னதற்கு நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பின்னது முழுக்க நம் கையில்.

என் மகன் கொச்சியில் பழைய படகு ஒன்றை விலை பேசியிருக்கிறான். கம்பி எப்போது மாற்றியது என்று விற்பவருக்கே தெரியவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்கிறார். என்ன செய்வது?
*வாசகி, குன்னூர்*

தேதி தெரியாத கம்பியை, படகு கட்டிய நாளில் போட்ட கம்பியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் அம்மா. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ரசீது இருந்தால் நம்பலாம், இல்லையென்றால் எல்லாக் கம்பியும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் உங்கள் பையன் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து முடிவெடுக்கட்டும். வாங்கிவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் வேண்டாம். படகைச் சரியாக அறியாத முதல் வருடத்தில்தான் அவன் அதை அதிகமாக ஓட்டிப் பார்ப்பான்.

காந்தம் ஒட்டினால் மட்டமான ஸ்டீல் என்று பாத்திரக்கடையில் பார்ப்பது போலப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கம்பிக்கு அது உதவாது. இழையாக இழுக்கும்போதே உலோகத்தின் அமைப்பு கொஞ்சம் மாறி, நல்ல ஸ்டெயின்லெஸ் கம்பியிலும் காந்தம் லேசாக ஒட்டும். ரகத்தை அறிய ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள்.

கம்பியை எவ்வளவு இறுக்க வேண்டும்? கருவி இல்லாமல் அளக்க முடியுமா?
*வாசகர், கோத்தகிரி*

முடியும். இரண்டு மீட்டர் மடக்கு அளவுகோலும் கொஞ்சம் டேப்பும் போதும். கம்பி தளர்வாக, கையால் திருகிய அளவில் இருக்கும்போது, அளவுகோலின் மேல்நுனியைக் கம்பியோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கீழ்நுனி நிற்கும் இடத்தைக் கம்பியில் குறித்துக்கொண்டு டர்ன்பக்கிளை இறுக்குங்கள். கம்பி நீள நீளக் குறி அளவுகோலைவிட்டு விலகும். இரண்டு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீண்டால், அறுபடும் பளுவில் 5 சதவீதம் இழுப்பு ஏறியிருக்கிறது என்று பொருள். 19 இழைக் கம்பி எந்தத் தடிமனாக இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும். உச்சிக்குப் போகும் பக்கக் கம்பிகளுக்குப் பொதுவாக 15 முதல் 20 சதவீதம், அதாவது 3 முதல் 4 மில்லிமீட்டர். படகுக்கான கையேடு வேறு எண் சொன்னால் அதையே கேளுங்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், இல்லையென்றால் பாய்மரம் ஒருபக்கம் சாயும்.

இறுக்கினால் கம்பி சீக்கிரம் தேயும் என்று தளர விடுபவர்கள் அதிகம். நேர்மாறு. தளர்ந்த கம்பி ஒவ்வொரு அலைக்கும் சொடுக்கி இழுபடுகிறது, அந்தச் சொடுக்குத்தான் களைப்பைக் கொண்டுவருகிறது. டர்ன்பக்கிளுக்குக் கீழே இரண்டு பக்கமும் அசையும் டாகிள் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவும் ஸ்வேஜ் முனையைத்தான் வளைக்கும்.

நடுக்கடலில் ஒரு கம்பி அறுந்துவிட்டால்?
*வாசகர், ஊட்டி*

யோசிக்க நேரம் இருக்காது, அதனால் கரையிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காற்றடிக்கும் பக்கத்துக் கம்பி அறுந்தால் உடனே படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். பளு நல்ல கம்பிக்குப் போய்விடும். முன்கம்பி அறுந்தால் காற்று பின்னாலிருந்து வரும்படி திரும்புங்கள். பின்கம்பி அறுந்தால் காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பி, பெரிய பாயின் கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள். அப்புறம் பாய் ஏற்றும் கயிறுகளில் ஒன்றைக் கழற்றி, அறுந்த கம்பி நின்ற திசையில் கட்டி இறுக்குங்கள். பாயைக் குறைத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள். பாய்மரம் விழுந்தேவிட்டால், அது அலையில் படகின் பக்கத்தை இடித்து ஓட்டை போடும். வெட்டிவிட பெரிய கம்பி வெட்டியும், பின்களைத் தட்டி எடுக்கச் சுத்தியலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பத்து வருடம் முன்பு வாங்கிய புதுக் கம்பிச் சுருள் ஒன்று பிரிக்காமலே எங்கள் ஷெட்டில் கிடக்கிறது. கடல் காற்றே படாத இடம். இது புதுசா, பழசா?
*வாசகர், பெட்போர்டு, குன்னூர்*

புதுசுதான். கம்பியைத் தேய்ப்பது இழுப்பும் உப்பும். உங்கள் ஷெட்டில் இரண்டும் இல்லை. மூடுபனியின் ஈரம் ஸ்டெயின்லெஸ்ஸை ஒன்றும் செய்யாது. ஆனாலும் சுருளைப் பிரித்து முழு நீளமும் பாருங்கள். இரும்பு ஆணியோ தகரமோ ஒட்டிக் கிடந்திருந்தால் அந்த இடத்தில் துருக் கறை இருக்கும். பிளீச்சிங் பவுடர் மூட்டையோ ஆசிட் கேனோ பக்கத்தில் வைத்திருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள், வைத்திருந்தால் அந்தக் கம்பியைப் படகுக்குப் பயன்படுத்த வேண்டாம். எங்காவது மடிந்து முறிவு விழுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள், மடிந்த கம்பி நிமிர்ந்தாலும் பழைய பலம் வராது.

முனை பொருத்த எந்திரம் மலையில் கிடையாது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். இரண்டு ஸ்பேனரால் பொருத்தும் திருகு வகை முனைகள் இருக்கின்றன. இழைகளைப் பிரித்து நடுவில் ஒரு சின்னக் கூம்பை வைத்து, மேலே மூடியைத் திருகி இறுக்குவது. நீங்களே வீட்டு மேசையில் வைத்துச் செய்யலாம். பிற்காலத்தில் திறந்து உள்ளே பார்க்கவும் முடியும், ஸ்வேஜ் முனையில் அது முடியாது. மலையில் இருப்பவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். பழைய கம்பியைப் பாய்மரத்தில் நின்ற நிலையிலேயே, பின்னிலிருந்து பின் வரை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் திருக இடம் கிடைக்கும்.

வயதுக் கணக்கு வாங்கிய நாளிலிருந்து இல்லை, படகில் ஏற்றிய நாளிலிருந்து. அந்தத் தேதியையும் கம்பியின் ரகத்தையும் தடிமனையும் பாய்மரத்தின் அடியில், கேபினுக்குள் நனையாத பக்கத்தில், அழியாத மையால் எழுதிவிடுங்கள். நோட்டுப் புத்தகம் தொலைந்துபோகும், படகு கைமாறும். அடுத்து வாங்குகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.